மேசையிலேயே சாப்பிடும் சட்ட மாணவிக்கு

இந்த வாரக் கடிதம் 21 வயது மாணவி ஒருவருடையது. சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறார். சிங்கப்பூரின் யீஷூன் பகுதியில் பெற்றோர், பாட்டியுடன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறார். அவர்கள் குடும்பத்தில் சட்டம் படிக்கும் முதல் ஆள் அவர்தான். மே மாதம் தொடங்கிய நீண்ட விடுமுறையில், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கும் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் 8 வார வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். கடிதம் எழுதியது மூன்றாம் வார முடிவில்.

அவர் எழுதியதைச் சுருக்கமாகத் தருகிறேன். காலையிலிருந்து மாலைவரை ஒரு கடன் வழக்கின் ஆவணங்களுக்கு எண் போட்டு அட்டவணை தயாரிப்பதுதான் வேலை. யாரும் கடிந்து பேசவில்லை, ஆனால் யாரும் பேசவும் இல்லை. எழுந்து போனால் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை மேசையிலேயே சாப்பிடுகிறார். ஓரிரவு 11.40க்கு மூத்த வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினார். “சின்னச் சின்ன சந்தோஷங்களைத் தேடிக்கொள்” என்று தோழி சொன்னதால் இரண்டு வழிகளை முயன்றிருக்கிறார். தினமும் 9 வெள்ளிக்கு ஒரு காப்பி வாங்கினார். அப்பா லாரி ஓட்டிச் சம்பாதிக்கும் காசு நினைவுக்கு வந்து அது கசந்துவிட்டது. இரண்டாவது, “இன்றைய சன்னல்” என்று தன் மேசையிலிருந்து தெரியும் காட்சியைப் படமெடுத்து இன்ஸ்டகிராமில் போடுகிறார். நாளில் தனக்குப் பிடித்த ஒரே நிமிடம் அதுதான் என்கிறார்.

அவர் கேட்பவை மூன்று. பாதியில் விட்டுவிடலாமா? இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் சட்டமே தனக்கு ஒத்துவராது என்று பொருளா? இந்தச் சின்னச் சந்தோஷம் என்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானே?

என்னை “ஆன்ட்டி” என்று அழைத்து எழுதியிருக்கிறார். அந்த உரிமையில் நானும் “நீ” என்றே பேசுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அம்மா. உன் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: அலுப்பு, களைப்பு, அநியாயமாக நடத்தப்படுகிறோமோ என்ற சந்தேகம். சின்னச் சந்தோஷம் முதலாவதற்கு மட்டும்தான் மருந்து. களைப்புக்குத் தூக்கம்தான் வேண்டும். அநியாயம் நடந்தால் வாய் திறந்து பேச வேண்டும். களைத்துப்போன உடம்புக்கு 9 வெள்ளிக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, அது பலிக்கவில்லை என்று நீ சோர்ந்துபோயிருக்கிறாய். ஏமாற்று என்று உனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதையெல்லாம் விரிவாகப் பேசுவதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது.

முதலில் அந்தப் படங்கள்

உன் சன்னல் படங்கள் சிலவற்றின் ஓரத்தில் கணினித் திரையும் கோப்புகளின் முதுகும் தெரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய். “யாராலும் படிக்க முடியாத அளவு சிறிய எழுத்து” என்றும் சேர்த்திருக்கிறாய். அப்படி இல்லை. கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் கோப்பின் முதுகில் இருக்கும் கட்சிக்காரரின் பெயர் பளிச்சென்று தெரியும். ஒரு நிறுவனம் எந்த வழக்கறிஞரை நாடியிருக்கிறது என்ற தகவலே சில சமயம் ரகசியமாக இருக்கும்.

“நான் வெறும் பயிற்சி மாணவிதானே, வழக்கறிஞர் இல்லையே” என்று நீ நினைக்கக்கூடும். 2015ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில்நடத்தை விதிகள் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமையை வழக்கறிஞர்மீது சுமத்துகின்றன. உன் கையால் ஒரு தகவல் வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியவர் உனக்கு மேலே இருப்பவர். சேரும்போது நீ கையெழுத்திட்ட தாள்களில் ரகசியம் காப்பதாக ஓர் உறுதிமொழியும் அநேகமாக இருக்கும். எடுத்துப் படித்துப் பார்.

இன்றே அந்தப் படங்களை நீக்கிவிடு. திரையோ கோப்போ தெரிந்த படம் ஒன்றாவது இருந்தால், சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதே. உன்னை மேற்பார்வை செய்யும் வழக்கறிஞரிடம் போய், “இப்படிப் போட்டிருந்தேன், இவ்வளவு நாள் இருந்தது, இன்று எடுத்துவிட்டேன்” என்று சொல். பயமாகத்தான் இருக்கும். ஆனால் தானாக வந்து சொன்ன மாணவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை. வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சன்னலைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதே. படம் எடுக்காமலும் பார்க்கலாம்.

மதிய உணவுக்கு எழுந்து போவது

நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான் அதிகம். எழுந்து போனால் பெயர் கெடும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயாக முடிவுகட்டிக்கொண்டாய். சாப்பிடப் போகும் மாணவியை யாரும் குறித்து வைப்பதில்லை. மூன்று வாரமாக ஒருவரோடும் சேர்ந்து சாப்பிடாத மாணவியைத்தான் “கொஞ்சம் ஒதுங்கி இருக்கும் பிள்ளை” என்று நினைப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, மாதச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாத அலுவலக ஊழியர்களுக்கும் பொருந்தும். அவர்களை இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வேலையின் தன்மை காரணமாக 8 மணி நேரம்வரை தொடர வேண்டியிருந்தால், சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் தர வேண்டும். பயிற்சி மாணவர் “ஊழியர்” ஆவாரா என்பது உன் நியமனக் கடிதத்தையும், உண்மையில் நீ என்ன வேலை செய்கிறாய் என்பதையும் பொறுத்தது. அந்தப் பிரிவை அச்சடித்துக்கொண்டுபோய் யார் முன்னாலும் நீட்டாதே. இடைவேளை யாரும் உனக்குப் போடும் பிச்சை அல்ல என்று நீ தெரிந்துகொண்டால் போதும்.

சரி, எழுந்து எங்கே போவது? நீ வேலை பார்க்கும் வட்டாரம் அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடி நிலையம் இருக்கிறது. 9 வெள்ளிக் காப்பியின் விலைக்கு அங்கே ஒரு சாப்பாடும் தே ஹாலியாவும் (இஞ்சித் தேநீர்) வாங்கிவிடலாம். அதே கட்டடத்தில் 17ஆம் தளத்திலிருந்து 20ஆம் தளம்வரை சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டம் ஒன்றும் உண்டு. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போ.

அந்தத் தெருவிலே ஒரு காலத்தில் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பலகைத் தரையில் சம்மணமிட்டு, முன்னால் சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு, பற்றும் வரவும் எழுதினார்கள். கடன் பத்திரங்கள் கைமாறின. நீ இப்போது எண் போட்டுக்கொண்டிருப்பதும் ஒரு கடன் வழக்கின் தாள்கள்தானே! தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போது இது நினைவிருந்தால், பிற்பகலில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அது முன்பு போல் அந்நியமாக இருக்காது.

இன்னொரு பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் கெவினா பாலம் வந்துவிடும். 1869இல் கட்டிய இரும்புப் பாலம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதன் இரு முனைகளிலும் பழைய காவல்துறை அறிவிப்பு ஒன்று இன்றும் நிற்கிறது: சுமையோடு சேர்த்து 3 ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 150 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடுகள் குதிரைகள் அனைத்துக்கும் தடை. அதன் முன் நின்று முழுவதும் படி. பிறகு கேள்வி கேள். ஆட்டை ஓட்டிப் போகலாமா? 160 கிலோ வண்டியை ஆளே தள்ளினால்? குதிரையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால்? வகுப்பில் சட்ட விளக்கம் என்றால் கொட்டாவி விட்டவர்களையும் அந்த இரும்புப் பலகை சிரிக்க வைத்திருக்கிறது. காசு செலவில்லை, படமும் எடுக்கலாம், எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெயில் தாங்காத நாளில் தெலுக் ஆயர் பக்கம் போ. அங்கே இருக்கும் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. கட்டியவர்கள் தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்படும் முஸ்லிம்கள். கடல் அப்போது அந்தத் தெருவோரம்வரை இருந்தது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை உயர்ந்த கட்டடங்கள்தான்.

இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள், எல்லாவற்றையும் அல்ல. இன்பத்தையும் அட்டவணை போட்டு டிக் அடிக்கத் தொடங்கினால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும். சட்ட மாணவர்களுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்திலேயே உண்டு.

நீ கவனிக்காமல் விட்ட பன்

உன் கடிதத்தின் நடுவில், வேறெதையோ சொல்ல வரும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறாய். அலுவலகச் செயலாளர் ஒருவர் காலை வேளையில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) பன் நீட்டுவார், “நேரமில்லை அக்கா” என்று சொல்லிவிடுவாய். இருபது வருடமாக அங்கேயே இருப்பவர் என்றும் எழுதியிருக்கிறாய்.

அந்தப் பன்னை வாங்கிக்கொள். உன் மொத்தக் கடிதத்திலும் யாரும் யாருக்கும் எதையும் தரும் இடம் அது ஒன்றுதான். ஐந்து நிமிடம் நின்று சாப்பிடு. எந்த நீதிபதி எந்த மாதிரித் தாள்கட்டைக் கேட்பார், எந்தப் படிவம் எதற்காகத் திரும்பி வரும் என்பதெல்லாம் பல நிறுவனங்களில் பங்காளர்களைவிடச் செயலாளர்களுக்குத்தான் அத்துப்படி. நீ போடும் எண்கள் எதற்குப் பயன்படும் என்று அவரிடமே கேள்.

அலுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம். எண் போடுவது அலுப்பான வேலை, அதில் சந்தேகமே இல்லை. எதற்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் போடும்போது அது இரண்டு மடங்காகிறது. உன் மூத்த வழக்கறிஞரிடம் இப்படிக் கேட்டுப் பார்: “இந்த அட்டவணை எந்த விசாரணைக்குப் போகிறது? முடிந்தால் அன்று நானும் வந்து பின்னால் உட்காரலாமா?” அநேகம் பேர் சரி என்றே சொல்வார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் அழைக்காமல் இருக்கிறார்கள்.

அவர்கள் அழைத்துப் போகாவிட்டாலும் நீயே போகலாம். திறந்த நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். விசாரணைப் பட்டியல் நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் உன் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம்தான். மதிய இடைவேளையில் போகாதே, நீதிமன்றமும் அப்போது சாப்பிட எழுந்துவிடும். ஒரு நாள் காலை அனுமதி வாங்கிக்கொண்டு 10 மணிக்குப் போ. உள்ளே நுழையும்போது நீதிபதியைப் பார்த்துத் தலைவணங்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிடு. அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்வது 2016ஆம் ஆண்டின் நீதிப் பரிபாலனப் பாதுகாப்புச் சட்டப்படி நீதிமன்ற அவமதிப்பு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அரசு நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிற்கும் வழக்கு கிடைத்தால் விடாதே. சாட்சி தமிழில் ஒன்று சொல்லி, அது ஆங்கிலமாகி நீதிபதியிடம் போய்ச் சேரும்போது, இரண்டும் புரிந்த உனக்குக் கிடைக்கும் சுவை அங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் கிடைக்காது.

ரயிலில் யீஷூன்வரை போகும் நேரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். தீர்ப்புகளின் உண்மை நிலவரப் பகுதியை மட்டும் படி, சட்டப் பகுதியைத் தள்ளிவிடு. ஒப்பந்தச் சட்ட வகுப்பில் அந்த அச்சுப்பொறி வழக்கைப் படித்திருப்பாய். 3,854 வெள்ளி அச்சுப்பொறி இணையத்தில் 66 வெள்ளிக்குப் போய்விட, சில நண்பர்கள் நள்ளிரவு தாண்டி ஒருவரையொருவர் எழுப்பி ஆயிரத்து அறுநூறுக்கு மேல் வாங்கிக் குவித்தார்கள். ஒப்பந்தம் செல்லாது என்று 2004இல் உயர் நீதிமன்றம் சொன்னது, மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேர்வுக்கு அதன் சட்ட விதியை மனப்பாடம் செய்திருப்பாய். இப்போது கதையாகப் படி. அந்த 66 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பயிற்சியின்போது ஊழியர் ஒருவர் தவறுதலாக ஏற்றிய எண். உன் எண்களைச் சரிபார்க்க அதைவிட நல்ல காரணம் வேண்டுமா!

இரவுச் செய்தி

இது சுருக்கமாக. இரவு 11.40க்கு வந்த செய்தியில் “இப்போதே வேண்டும்” என்று இருந்ததா? நீ எழுதியதைப் பார்த்தால் இல்லை. பலர் மறந்துவிடக்கூடாதென்று நினைத்த நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை, “பார்த்துவிட்டேன். காலை 9 மணிக்குள் அனுப்பினால் போதுமா?” என்று ஒரு வரி போதும். “இல்லை, இப்போதே” என்று பதில் வந்தால் முடித்துக் கொடு. நாளை தாக்கல் இருக்கலாம். அதுவே வாரம் பல முறை நடந்தால் மேற்பார்வையாளரிடம் பேச வேண்டிய விஷயம்.

ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாய். நான் வழக்கறிஞர், மருத்துவர் இல்லை. வேலை முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும் அது தொடர்ந்தால், பலதுறை மருந்தகத்திலோ பல்கலைக்கழக ஆலோசகரிடமோ காட்டு. யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றும் இரவில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1767ஐ அழை.

சட்டம் எனக்கு ஒத்துவருமா?

மூன்று வாரம் எண் போட்டதை வைத்து இதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. இளம் வழக்கறிஞர்கள் களைத்துப்போய்த் தொழிலைவிட்டு விலகுவது பற்றித் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனே புதிய வழக்கறிஞர்கள் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆகவே நீ கண்டது உன் கற்பனை அல்ல. ஆனால் நீ கண்டது ஒரு நிறுவனத்தின் ஒரு வழக்கின் ஒரு மூலை. 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம், சட்ட உதவிப் பிரிவு, அரசுத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம், நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவுகள் என்று இதே பட்டத்தோடு நுழையக்கூடிய கதவுகள் வேறு பல உண்டு. தொழிலுக்கு வருமுன் முடிக்க வேண்டிய நடைமுறைப் பயிற்சியும் இப்போது 6 மாதமில்லை, ஓராண்டு. பார்த்துத் தெரிந்துகொள்ள உனக்கு நேரம் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் வேறொரு கதவைத் தட்டு.

“வேலைன்னா அப்படித்தான்” என்று அம்மா சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். அவர் தன் அனுபவத்தைச் சொன்னார். கோபத்தை விட்டுவிடு, ஆனால் அவர் சொன்னதைச் சட்டமாகவும் எடுத்துக்கொள்ளாதே.

பாதியில் விடலாமா?

விடலாம். விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. “8 வாரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், தப்பிக்க முடியாது” என்று நீ எழுதியது தவறு. நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பார், அதன்படி எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம். இந்தப் பயிற்சியை உன் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணுக்கோ பட்டத் தேவைக்கோ கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்.

சிங்கப்பூரில் தொழில்புரியும் வழக்கறிஞர்கள் மொத்தமே ஏறக்குறைய 6,000 பேர்தான். ஒருவரை ஒருவருக்குத் தெரியும். அதற்காகப் பயந்து சகித்துக்கொண்டிரு என்று சொல்லவில்லை. மிரட்டல், அவமதிப்பு, தொந்தரவு என்று ஏதாவது நடந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றே வெளியே வா. உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அலுப்புக்காக மட்டும் விலகுவதென்றால், இன்னும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பேன். அதற்குள் படங்கள் பற்றிப் பேசிவிடு, வெளியே போய்ச் சாப்பிடு, விசாரணைக்கு வரலாமா என்று கேட்டுவிடு.

ஐந்தாம் வார முடிவிலும் ஞாயிறு மாலை இதே மாதிரி இருந்தால், இரண்டு வரிக் கடிதம் போதும், காரணங்களை அடுக்காதே. கூடவே ஒரு பக்கக் குறிப்பு வைத்துவிட்டுப் போ: எந்தக் கட்டுவரை எண் போட்டாய், எந்தத் தாள்கள் இரண்டு முறை வந்திருக்கின்றன, எவை காணவில்லை. உனக்குப் பின் அந்த மேசைக்கு வருபவர் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.